ரப்பர் திரும்பி வந்த கதை

மெக்கானிக்கல் கீபோர்டின் சைலன்ட் சுவிட்ச் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. 14 மில்லிமீட்டர் சதுரத் துளையில் உட்காரும் பிளாஸ்டிக் கூடு, நடுவில் மேலும் கீழும் போய்வரும் ஒரு தண்டு, அதற்கு அடியில் ஸ்பிரிங், ஓரத்தில் மெல்லிய உலோகத் தகடுகள். இவை எல்லா மெக்கானிக்கல் சுவிட்சிலும் உண்டு. இதில் மட்டும் தண்டின் இரண்டு பக்கங்களிலும், மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும், துளித்துளியாக ரப்பர் சேர்ந்திருக்கும். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் கண்ணில் படும். நகத்தால் நெருடினால் பிளாஸ்டிக் வழுக்கும். அந்த இடம் மட்டும் பிடிக்கும்.

சாதாரண சுவிட்சைவிட இதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை கேட்கிறார்களே, அதற்கும் காரணம் அந்தத் துளிதான்; ஆபீஸில் பக்கத்து சீட்காரர் முறைக்காமல் இருப்பதற்கும் காரணம் அதுதான். அது அங்கே போய்ச் சேர நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மெக்கானிக்கல் கீபோர்டு பிரியர்களைக் கேட்டால், தங்கள் ஜென்ம விரோதி ரப்பர்தான் என்பார்கள். ரப்பரை வெறுத்து ஓடிவந்தவர்கள் ரப்பரிடமே திரும்பிப் போயிருக்கிறார்கள்.

கதை டைப்ரைட்டரில் தொடங்குகிறது. ஷோல்ஸும் கிளிடனும் உருவாக்கிய இயந்திரத்தை ரெமிங்டன் நிறுவனம் 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் அமெரிக்க அலுவலகங்களில் கையால் நகலெடுக்கும் குமாஸ்தாவின் இடத்தை டைப்பிஸ்டுகள் பிடித்துக்கொண்டார்கள். ஒரே கூடத்தில் வரிசையாக மேஜைகள், மேஜைக்கு ஓர் இயந்திரம். எழுத்துக்கு ஒரு தண்டு எகிறி வந்து உருளையில் சுற்றிய தாளை ஓங்கி அடிக்கும். அந்த அடிதான் சத்தம்.

அடிக்காமலே எழுத்தைப் பதிக்க முடியுமா என்று மெனக்கெட்டவர் வெலிங்டன் பார்க்கர் கிட்டர். ஏற்கெனவே வேறு டைப்ரைட்டர்களை வடிவமைத்துப் பெயர் வாங்கியிருந்த அமெரிக்கர். அவருடைய ஏற்பாட்டில் எழுத்துத் தண்டு வட்டமடித்து எகிறாது. உருளையை நோக்கி நேராக முன்னேறும். கடைசி நூலிழைத் தூரத்தில் வேகம் தணிந்து, தாளை அழுத்திவிட்டுத் திரும்பும். கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுன் நகரில் இதைத் தயாரித்த நிறுவனத்துக்குப் பெயரே நாய்ஸ்லெஸ் டைப்ரைட்டர் கம்பெனி. 1924இல் அதை ரெமிங்டன் தன்னோடு இணைத்துக்கொண்டது. ரெமிங்டன் நாய்ஸ்லெஸ் என்ற பெயரில் அந்த இயந்திரம் பல வருடம் விற்றது.

பெயரில் இருந்த பெருமை இயந்திரத்தில் முழுசாக இல்லை. எழுத்து அடிக்கும் சத்தம் அடங்கியதுமே, அதுவரை யார் காதிலும் விழாத மற்றவை கேட்கத் தொடங்கின: கீ தன் இடத்துக்குத் திரும்பும் சத்தம், கேரியேஜ் நகரும் சத்தம், வரி முடிவில் மணி. ஒரு சத்தத்தை அடக்கினால் அதன் முதுகுக்குப் பின்னால் இருந்த அடுத்த சத்தம் முன்னால் வந்து நிற்கும். கிட்டருக்குப் பிறகு இந்த வேலையில் இறங்கிய எல்லோரையும் இந்த விஷயம் படுத்தி எடுத்திருக்கிறது.

கம்ப்யூட்டர் வந்ததும் பிரச்சினை தானாகவே தீர்ந்திருக்க வேண்டும். தாளும் இல்லை, உருளையும் இல்லை, அடிக்க வேண்டிய எழுத்தும் இல்லை. ஒரு மின்தொடர்பு ஏற்பட்டால் போதும். நடந்தது நேர்மாறு. டைப்ரைட்டரில் பழகிய விரல்களுக்குச் சத்தம் என்பது ரசீது. எழுத்து விழுந்துவிட்டது, அடுத்ததற்குப் போகலாம் என்று காது சொன்னால்தான் கை நகரும். நம்மூர் டைப் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்து வந்தவர்கள் கம்ப்யூட்டர் கீபோர்டையும் அதே வேகத்தில் குத்துவதை இன்றைக்கும் அரசு அலுவலகங்களில் பார்க்கலாம். அது முரட்டுத்தனம் இல்லை. கை கற்ற பாடம். ஐபிஎம் நிறுவனம் இதை நன்றாகவே புரிந்துகொண்டது. 1970களில் அதன் டெர்மினல் கீபோர்டுகள் சிலவற்றில் சத்தம் போடுவதற்கென்றே சோலனாய்டு வைத்தார்கள். கீயை அழுத்தும்போதெல்லாம் மின்காந்தம் ஒரு சிறு இரும்பை இழுத்துக் கூட்டைத் தட்டவைக்கும். தரவை அனுப்புவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. டைப்பிஸ்டின் திருப்திக்காக மட்டும் ஒரு சுத்தியல்.

பிறகு அதே ஐபிஎம்மில் ரிச்சர்ட் ஹன்டர் ஹாரிஸ் என்ற பொறியாளர், தனியாகச் சுத்தியல் தேவைப்படாத ஒரு வழியைக் கண்டுபிடித்தார். கீயின் கீழே நிமிர்ந்து நிற்கும் ஒரு ஸ்பிரிங். அழுத்த அழுத்தக் குறுகிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் நிற்க முடியாமல் முழங்கால் மடங்கியதுபோலப் பக்கவாட்டில் சட்டென்று வளையும். வளையும் வேகத்தில் குழாயின் சுவரில் மோதும்: 'டக்'. அதே கணத்தில் அடியிலிருக்கும் தட்டைச் சாய்த்து எழுத்தையும் பதிவு செய்யும். விரலுக்குத் தெரிவதும் காதில் விழுவதும் கம்ப்யூட்டருக்குப் போவதும் ஒரே நிகழ்ச்சி. 1981இல் வந்த ஐபிஎம் பர்சனல் கம்ப்யூட்டரின் கீபோர்டில் இருந்தது இந்த ஸ்பிரிங்தான். 1985இல் தொடங்கிய மாடல் எம் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. இரண்டு கிலோவுக்கு மேல் எடை, உள்ளே இரும்புத் தகடு. அதில் டைப் அடித்தவர்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டார்கள். பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தவர்களும் நிறுத்த மாட்டார்கள், வேறு காரணத்துக்காக.

எனவே இந்தக் கதையில் சத்தம் தற்செயலாக வந்த குறை இல்லை. காசு செலவழித்து, காப்புரிமை எடுத்து, வேண்டுமென்றே உள்ளே வைத்தது. அதை வெளியே எடுக்க அதே அளவு பாடுபட வேண்டியிருந்தது.

இதே காலத்தில் ஜெர்மனியில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. வால்டர் செர்ரி 1953இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் தொடங்கிய செர்ரி நிறுவனம், பவேரியாவின் அவுர்பாக் என்ற சிற்றூரில் வேரூன்றியிருந்தது. அங்கே குந்தர் முர்மன், குந்தர் பவர் இருவர் பெயரிலும் 1983இல் விண்ணப்பித்து, 1984இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ஒரு சுவிட்ச்தான் எம்எக்ஸ். இன்றைக்குக் கடையில் கறுப்பு, சிவப்பு, பிரவுன், புளூ என்று நிறம் சொல்லி விற்கும் அத்தனையும் அதன் வம்சம். ஒரே கூடு, தண்டின் வடிவத்தையும் ஸ்பிரிங்கின் கனத்தையும் மாற்றினால் குணம் மாறிவிடும். கறுப்பும் சிவப்பும் வழவழவென்று நேராக இறங்கும். பிரவுன் பாதி வழியில் விரலுக்கு ஒரு மேடு காட்டும். புளூவில் தண்டே இரண்டு துண்டு. மேட்டைத் தாண்டும்போது ஒரு துண்டு தனியாகத் தாவி 'கிளிக்' என்னும்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கிளிக் இல்லாத கறுப்பும் சிவப்பும் சத்தமில்லாதவை என்று பலரும் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை. ஒரு கீயை அடித்தால் குறைந்தது இரண்டு மோதல்கள் உண்டு. தண்டு அடித்தளத்தில் போய் இடிப்பது ஒன்று. விரலை எடுத்ததும் ஸ்பிரிங் அதைத் தூக்கி எறிய, தண்டின் தோள் கூட்டின் கூரையில் இடிப்பது இன்னொன்று. முதலாவதை எல்லோரும் கவனிப்பார்கள், விரலே அங்கே இருப்பதால். இரண்டாவதை யாரும் சந்தேகப்படுவதில்லை. அது நடக்கும்போது விரல் அடுத்த கீக்குப் போயிருக்கும். இவற்றோடு ஸ்பிரிங் தன்பாட்டுக்கு அதிர்ந்து 'ணங்' என்பதும், அந்த அதிர்வை உலோகத் தகடும் கீபோர்டின் வெற்றுக் கூடும் வாங்கிப் பெரிதாக்குவதும் சேரும். கிளிக் என்பது இவற்றின்மேல் உட்கார்ந்திருந்த மூடி. மூடியை எடுத்தால் மற்றவை கேட்கும்.

ரப்பர் கீபோர்டு இவற்றில் பெரும்பகுதியை ஒரே அடியில் தீர்த்துவிட்டது. நூறு கீக்கு நூறு சுவிட்ச் வாங்கிச் சொருகுவதற்குப் பதிலாக, குமிழ் குமிழாக வார்த்த ஒரே ரப்பர் விரிப்பு. அதற்குக் கீழே மின்தடம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்கள். கீயை அழுத்தினால் குமிழ் அமுங்கித் தாள்களை ஒன்றோடொன்று தொடவைக்கும். அடியில் இடிக்கிற இடத்தில் ரப்பர் இருப்பதால் சத்தம் குறைவு. செலவோ பல மடங்கு குறைவு. 1990களில் கம்ப்யூட்டர் விலை விழ விழ, கீபோர்டுக்கென்று ஒதுக்கிய காசும் விழுந்தது. டெல் நிறுவனம் தன் ரப்பர் கீபோர்டுக்குக் குவயட்கீ என்றே பெயர் வைத்து, கம்ப்யூட்டரோடு சேர்த்து அனுப்பியது. ஐபிஎம்மும் குவயட் டச் என்ற பெயரில் ரப்பர் வைத்த மாடல் எம் விற்றது. 'டக்' என்ற சத்தத்துக்கே பேர்போன கீபோர்டு!

அமைதியை முன்னால் வைத்து விற்றார்கள் என்றாலும், உண்மையில் வென்றது மலிவு என்பது என் எண்ணம். அலுவலகங்களுக்கு இரண்டும் சேர்ந்து கிடைத்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை. விலை கொடுத்தது விரல்கள்தான். குமிழ் கீபோர்டில் அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். எங்கே விழுகிறது என்று தெளிவாகத் தெரியாது. நாளாக ஆக ரப்பர் சீரில்லாமல் தேய்ந்து, ஒரு கீ இளகியும் ஒரு கீ இறுகியும் போகும். வழவழ கொழகொழவென்ற அந்த உணர்வுதான் மெக்கானிக்கல் பக்தர்களைப் பின்னாளில் உருவாக்கியது.

ஆனால் ரப்பருக்கு இன்னொரு வேலை கொடுக்கலாம் என்று ஒரு நிறுவனம் அப்போதே காட்டிவிட்டது. ஆப்பிள் 1987இல் வெளியிட்ட எக்ஸ்டெண்டட் கீபோர்டில் ஜப்பானின் ஆல்ப்ஸ் எலக்ட்ரிக் செய்த மெக்கானிக்கல் சுவிட்சுகள் இருந்தன. அருமையான கீபோர்டு, நல்ல சத்தம். 1990இல் வந்த எக்ஸ்டெண்டட் கீபோர்டு இரண்டில் வெளித்தோற்றம் அதிகம் மாறவில்லை. உள்ளே தண்டு மாறியிருந்தது. பால்கோவா நிறத்தில் இருந்த அந்தத் தண்டின் இரண்டு பக்கங்களிலும் சின்னப் பள்ளம் வெட்டி, அதில் ரப்பர் துண்டுகளைப் பொருத்தியிருந்தார்கள். துண்டு தண்டைவிட ஒரு மயிரிழை மேலேயும் ஒரு மயிரிழை கீழேயும் நீட்டிக்கொண்டிருக்கும். இறங்கும்போது பிளாஸ்டிக்குக்கு முன்னால் ரப்பர் தரையைத் தொடும். ஏறும்போது பிளாஸ்டிக்குக்கு முன்னால் ரப்பர் கூரையைத் தொடும். எழுத்தைப் பதிவு செய்யும் வேலை, விரலுக்கு மேடு காட்டும் வேலை எல்லாம் உலோகத் தகடுகளிடமே இருந்தன. ரப்பருக்கு மோதலை வாங்கிக்கொள்ளும் வேலை மட்டும்.

இன்றைய சைலன்ட் சுவிட்சின் முழு யோசனையும் இதில் இருக்கிறது. கால் நூற்றாண்டு முன்னதாகவே வந்துவிட்டது. ஆனால் ஆப்பிளும் பிற்பாடு விலை குறைந்த கீபோர்டுகளுக்குப் போய்விட்டது. பிறந்த குழந்தையை யாரும் எடுத்து வளர்க்கவில்லை. கனடாவின் டொரான்டோவில் எட்கர் மட்டையாஸ் மட்டும் அந்த ஆல்ப்ஸ் வழியை விடாமல் பிடித்துக்கொண்டு, 2010களின் தொடக்கத்தில் குவயட் கிளிக் என்ற ரப்பர் துண்டு வைத்த சுவிட்சைச் செய்து விற்றார். கூட்டம் அதிகம் சேரவில்லை. அதற்குள் உலகம் செர்ரி பக்கம் சாய்ந்திருந்தது, விரல் படும் மூடியான கீகேப் முதற்கொண்டு எல்லாமே எம்எக்ஸ் அளவில்தான் கிடைத்தன.

ஜப்பானில் வேறொரு கிளை. குளிர்பதன லாரிகளும் கார் பாகங்களும் செய்யும் டோப்ரே நிறுவனம், ரப்பர் குமிழையும் கூம்பு ஸ்பிரிங்கையும் சேர்த்து, மின்தேக்க மாற்றத்தை வைத்து எழுத்தைக் கண்டுபிடிக்கும் கீபோர்டு ஒன்றை 2001இல் ரியல்ஃபோர்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. பேராசிரியர் எய்இச்சி வாடாவின் யோசனையில் பிறந்த ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டும் பிறகு அதே சுவிட்சுக்கு மாறியது. இதில் ரப்பர் குமிழ் இருப்பதால் கீழே இறங்கும் சத்தம் ஏற்கெனவே மட்டு. மிச்சம் இருந்தது மேலே திரும்பும் 'டப்'. 2011இல் வந்த ஹேப்பி ஹேக்கிங் டைப்-எஸ் வகையில் அந்தத் திரும்பும் மோதலுக்குத் தணிப்பு வைத்தார்கள். இந்தக் கீபோர்டுகளின் விலைக்கு ஒரு சுமாரான லேப்டாப்பே வாங்கிவிடலாம் என்பதால் நான் இதற்குமேல் விவரிக்கவில்லை. ஆனால் கீழ் மோதல் போனால் மேல் மோதல் கேட்கும் என்பதை அவர்கள் கச்சிதமாகக் காட்டினார்கள்.

2000களின் பிற்பாதியில் மெக்கானிக்கல் கீபோர்டு திரும்பி வந்தது, அதுவும் முழுச் சத்தத்தோடு. டெக்ஸாஸின் தாஸ் கீபோர்டு 2006இல் செர்ரி புளூவுக்கு மாறியது. 2010இல் ரேசர் பிளாக்விடோ, அதிலும் புளூ. வீடியோ கேம் ஆடுகிறவர்களும் புரோகிராமர்களும் வாங்கினார்கள். இந்தியாவில் இதை 'திரும்பி வந்தது' என்று சொல்வதுகூடச் சரியில்லை. இங்கே அது போகவே இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸின் கோல்ட் கீபோர்டை மருந்துக்கடை, ஜவுளிக்கடை பில் கவுண்டர்களில் பார்க்காதவர்கள் குறைவு. அதற்குள் இருந்ததும் செர்ரி புளூதான். உலகம் முழுக்க ஆர்வலர்கள் காசு சேர்த்து வாங்கிய அதே சுவிட்சை இங்கே பில் போடுகிறவர்கள், பெயர் தெரியாமலே, நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கவுண்டரில் அந்தச் சத்தம் யாரையும் தொந்தரவு செய்யாது. கூட்டமும் மின்விசிறியும் பிரிண்டரும் அதை விழுங்கிவிடும். அதே கீபோர்டை ஏசி போட்ட, ஐம்பது பேர் தடுப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஐடி கம்பெனிக் கூடத்தில் கொண்டுபோய் வைத்தால் கதை வேறு. போதாக்குறைக்கு வீடியோ மீட்டிங் வந்தது. ஒருவர் மைக்கை மியூட் செய்ய மறந்து குறிப்பெடுத்தால், இன்னொரு ஊரில் இருப்பவர் காதில் ஆலங்கட்டி விழுகிறது.

தப்பிக்க முதலில் கைவைத்தியம் பார்த்தார்கள். ஒவ்வொரு கீகேப்புக்குள்ளும் ஒரு ஓ-ரிங் ரப்பர் வளையம் மாட்டுவது பிரபலமானது. நூற்றுச் சொச்சம் கீகேப்பைக் கழற்றி, வளையம் மாட்டி, திரும்பச் சொருகி முடிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். பலன் பாதிதான். வளையம் கீழ் மோதலை மட்டும் தாங்கும். கூட்டுக்குள் தண்டின் தோள் கூரையில் இடிப்பதை அது தொடக்கூட முடியாது. கீழே அமைதி, மேலே 'டக் டக்'. போதாததற்கு, அடியில் போய் நிற்கும் உணர்வும் மழுங்கிவிடும். தண்டைக் கழற்றாமல் இதற்கு வழியில்லை என்பது தெளிவானது.

செர்ரி தண்டிலேயே கை வைத்தது. 2016 வாக்கில் எம்எக்ஸ் சைலன்ட் வந்தபோது, முதலில் கோர்செர் நிறுவனத்தின் ஸ்ட்ரேஃப் கீபோர்டுகளில்தான் கிடைத்தது. கொஞ்ச காலம் கழித்து மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். தண்டை இரண்டு பொருட்களில் வார்த்திருந்தார்கள். உடல் கெட்டிப் பிளாஸ்டிக். மோதும் விளிம்புகள் மட்டும் மென்மையான ரப்பர் போன்ற பொருள், ஒட்டிய துண்டாக இல்லாமல் உடலோடு உடலாக. ஆல்ப்ஸ் செய்ததற்கும் இதற்கும் யோசனையில் பெரிய வித்தியாசம் இல்லை, வேலைப்பாட்டில் உண்டு. தனித்துண்டு விலகும், விழும். வார்த்தது விலகாது.

இதற்குக் கொடுத்த விலையை எண்ணிலேயே பார்க்கலாம். சாதாரண சிவப்பு 4 மில்லிமீட்டர் இறங்கும், 2 மில்லிமீட்டரில் எழுத்தைப் பதிவு செய்யும். சைலன்ட் சிவப்பு இறங்குவது 3.7, பதிவு 1.9இல். குறைந்த அந்த 0.3 மில்லிமீட்டர் ரப்பர் எடுத்துக்கொண்ட இடம். காகிதத்தில் அற்பம். விரலுக்குத் தெரியும். அடியில் 'டொக்' என்று நிற்க வேண்டிய இடத்தில் மெத்தென்று நிற்கும். பழகாதவர்களின் முதல் புகார் எப்போதும் இதுதான்: இது ரப்பர் கீபோர்டு மாதிரி இருக்கிறதே! இருக்கத்தான் செய்யும். முப்பது வருடத்துக்கு முன் குமிழில் செய்த அதே வேலையைத்தான் ரப்பர் இங்கேயும் செய்கிறது. எழுத்து எங்கே பதிவாகிறது என்பதில் மட்டும் அது தலையிடுவதில்லை.

செர்ரி செய்தது நேராக இறங்கும் வகைதான். மேடு காட்டும் சைலன்ட் சுவிட்ச் செய்வது இதைவிடக் கஷ்டம். மேடு என்பதே தண்டின் முனைப்பு உலோகத் தகட்டை உரசித் தள்ளிக்கொண்டு போவது. ரப்பர் இரண்டு முனைகளையும் அடக்கியதும், நடுவழியில் தகடு தாவித் திரும்பும் சின்ன 'டிக்' பளிச்சென்று கேட்கும். கிட்டரின் டைப்ரைட்டருக்கு வந்த அதே தலைவலி. எம்எக்ஸ் காப்புரிமைக் காலம் முடிந்து, சீனாவின் கைல், கேட்ரான், அவுட்டெமு தொழிற்சாலைகள் அதே அளவில் சுவிட்ச் செய்யத் தொடங்கிய பிறகு இதற்கு ஆள் கிடைத்தார்கள். கனடாவின் ஜீல்பிசி, கேட்ரானிடம் செய்து வாங்கிய ஜைலன்ட் சுவிட்சை விற்றது. பின்னால் அவுட்டெமு தயாரிப்பாக வந்த போபா யூ4, அலுவலகத்துக்கு எது என்று கேட்பவர்களிடம் அதிகம் சொல்லப்படும் பெயராக ஆனது. அதில் தண்டுக்கும் கூட்டுக்கும் இடைவெளியை நெருக்கமாக வைத்திருக்கிறார்கள். கீகேப்பைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் குறைவு; ஆடாதது கடகடக்காது. 62 கிராம், 68 கிராம் என்று இரண்டு கனத்தில் வருகிறது.

இப்போது கடைக்காரரிடம் போவோம். "ஆபீஸுக்கா சார், பிரவுன் எடுத்துக்கோங்க, சத்தமே வராது" என்பார். வாங்காதீர்கள். பிரவுனில் கிளிக் இல்லை, அவ்வளவுதான். இரண்டு மோதலும் அப்படியே இருக்கின்றன. பெட்டியில் சைலன்ட் என்று எழுதியிருக்க வேண்டும், அதுவும் கீபோர்டின் பெயரில் இல்லை, சுவிட்சின் பெயரில். சில கம்பெனிகள் கீபோர்டின் வெளிக்கூட்டுக்குள் ஸ்பாஞ்ச் வைத்துவிட்டுக் கீபோர்டையே சைலன்ட் என்று விற்கின்றன. ஸ்பாஞ்ச் அந்த வெளிக்கூட்டின் எதிரொலியைக் குறைக்கும், மோதலைக் குறைக்காது.

நேரா, மேடா என்பது அவரவர் கை. டைப் இன்ஸ்டிடியூட்டில் கற்றவர்கள், ஓங்கி அடிக்கிறவர்கள், மேடு வைத்ததைப் பார்க்கலாம். எழுத்து விழுந்துவிட்டது என்று பாதி வழியில் விரலுக்குத் தெரிந்தால் அடிவரை குத்த வேண்டிய அவசியம் மெல்லக் குறையும். லேப்டாப்பில் பழகிய இளைஞர்களுக்கு 45 சென்டிநியூட்டன் அளவில் இறங்கும் சைலன்ட் சிவப்பு போதும். மிக இலேசானதை வாங்கினால் விரலை மேலே வைத்தாலே எழுத்து விழுந்து, மின்னஞ்சலில் மேலதிகாரி பெயர் இரட்டை எழுத்தோடு போகும். சுவிட்சைச் சாலிடர் இல்லாமல் பிடுங்கிச் சொருகும் ஹாட்ஸ்வாப் கீபோர்டு வாங்கினால், பத்துப் பதினைந்து சுவிட்ச் மட்டும் முதலில் வாங்கி, அடிக்கடி தட்டும் கீகளில் போட்டு ஒரு வாரம் ஆபீஸில் ஓட்டிப் பார்க்கலாம். மூன்று முள் சாக்கெட்டா, ஐந்து முள்ளா என்று பார்த்து வாங்குங்கள். மூன்று முள் பலகையில் ஐந்து முள் சுவிட்ச் அப்படியே நுழையாது, இரண்டு பிளாஸ்டிக் காலை நறுக்க வேண்டும். மேஜையும் ஒரு வாத்தியக் கருவிதான், குறிப்பாக உள்ளே வெற்றாக இருக்கும் மலிவு மேஜைகள். கீழே தடித்த துணி விரிப்பு போட்டால் அது வாயை மூடும். கிரீஸ் பூசிச் சுவிட்சை வழவழப்பாக்க ஆசைப்பட்டால், ஸ்பிரிங்குக்கும் தண்டின் ஓரங்களுக்கும் சன்னமாகப் பூசலாம். ரப்பர் விளிம்பில் படக்கூடாது. பட்டால் ஒவ்வொரு முறையும் ஒட்டி விடும், 'பிசுக் பிசுக்' என்று ஒரு புதுச் சத்தம் பிறக்கும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு ஸ்பேஸ் பாரைத் தட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடும். என்டர், பேக்ஸ்பேஸ், ஷிஃப்ட் கீகளும் அப்படியே. நீளமான கீ ஒரு பக்கம் சாயாமல் இருக்க, சுவிட்சின் இரண்டு பக்கங்களிலும் ஒரு கம்பியால் இணைத்த ஸ்டெபிலைசர்கள் இருக்கின்றன. சுவிட்சுக்குள் எவ்வளவு ரப்பர் வைத்தாலும் அவற்றுக்கு அது போய்ச் சேராது. மற்ற எல்லாக் கீயும் அடங்கிய பிறகு, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முறை அடிக்கும் அந்த ஒன்றுதான் கூடம் முழுக்கக் கேட்கும். கம்பியின் முனைகளில் தடித்த கிரீஸை ஊசிக்குழலால் வைத்தால் கடகடப்பு போகும். ஸ்டெபிலைசரின் கால் கீழே பலகையில் இடிக்கும் இடத்துக்குக் கீபோர்டு கட்டுகிறவர்கள் செய்யும் வைத்தியம், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் துணி பேண்ட்-எய்டு. பஞ்சு வைத்த நடுப்பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டு, ஓரப்பகுதியில் சின்னச் சதுரமாக இரண்டு துண்டு நறுக்கி, பலகையில் ஒட்டி, அதன்மேல் ஸ்டெபிலைசரைத் திருகவேண்டும்.